இந்தக் குளிரிலும் கணினி ஏன் விழுகிறது? ஒரு எண்பது வருடக் கதை

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரே மூச்சில் வாசிக்க நேரமில்லாதவர்கள் சேமித்து வைத்து மழை நாளில் வாசியுங்கள். நம்ம ஊரில் மழை நாளுக்குப் பஞ்சமில்லை.

கணினிப் பாடம் படிப்பிக்கும் எங்களிடம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று இருக்கிறது. "சேர், சும்மா நிக்கிறப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. வீடியோ எடிட் பண்ணுனா, இல்லாட்டி கேம் போட்டா மட்டும் பட்டுனு அணைஞ்சிருது. இந்தக் குளிருல அது சூடாக வழியே இல்லையே?"

நாங்கள் பதில் சொல்வதற்கு முன்பே வீட்டில் தீர்ப்பு வந்திருக்கும். மகன் கேம் விளையாடிக் கெடுத்துவிட்டான் என்பார் தகப்பன். வைரஸ் என்பார் மாமா. "போர்ட் போயிருச்சு, புதுசு போடணும்" என்று சொல்லவும் யாராவது இருப்பார்கள். பிள்ளைக்கு ஏச்சு, கணினிக்கு மூலை. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாய் வரை ஏறியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு "புதுசு போடணும்" என்பது தோட்டத்து வீடொன்றில் லேசான வார்த்தை இல்லை. உயர்தரப் பிள்ளையின் செயற்றிட்டமும், ஊர்த் தம்பிமார் கல்யாண வீடியோ செய்து பிழைக்கும் பிழைப்பும் அந்த ஒரே பெட்டியில்தான் தங்கியிருக்கின்றன.

அதனால்தான் இந்த வரலாற்றை எழுதுகிறோம். ஸ்டக் ஆவது, நீலத் திரை வருவது, பட்டென்று அணைந்து தானாக மீண்டும் எழும்புவது, இவை எல்லாவற்றையும் இந்தப் பதிவில் "விழுதல்" என்றே சொல்வோம். சுமை கூடும்போது விழுகிற வியாதி கணினி பிறந்த நாளிலேயே அதோடு பிறந்தது. அதற்கு மருந்தும் அன்றே கண்டுபிடிக்கப்பட்டது. புதிய பாகம் வாங்குவதற்கு முன்னர், இருக்கிற பாகத்தின் வேகத்தையும் வோல்டேஜையும் சூட்டையும் மாற்றிப் பார்ப்பதுதான் அந்த மருந்து.

*சுமை என்றால் என்ன?*

சுமை என்ற சொல்லை மலையக மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கொழுந்துக் கூடையும் விறகுக் கட்டும் சொல்லித் தந்துவிட்டன. இயந்திரத்தின் சுமையும் நமக்குப் பழையதுதான். தேயிலை ஸ்டோரில் ரோதை சுற்றும்போது கொழுந்தை அளவுக்கு மீறிக் கொட்டினால் அது முனகும், வேகம் குறையும். அந்த ரோதைக்கு ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வத்தையே வைத்துப் படையல் போட்டார்கள் நம் தோட்டத்து மூத்தவர்கள். இயந்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மதிக்க வேண்டும் என்ற உணர்வு அதற்குள் இருந்தது.

மின்சாரம் வந்தபோது சுமை கண்ணுக்குத் தெரியாததாக மாறியது. நுவரெலியா நகருக்கு வெளிச்சம் கொடுக்க நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்ற இடத்தில் 1912இல் சிறு நீர்மின்நிலையம் அமைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நமது மலை ஆறுகளால் நாடு முழுவதற்கும் மின்சாரம் தரலாம் என்று 1918இல் ஆய்வுக் கட்டுரை வாசித்தவரும் அவரே. லக்சபான 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு 1953இல் அவர் காலமானார்.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு செக்கனுக்கு 50 தடவை அலைகிறது. இதை மீடிறன் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிப்பிக்கிறோம். நாட்டில் பாவனை திடீரெனக் கூடினால், அல்லது ஒரு மின்நிலையம் திடீரென விலகினால், சுழலும் இயந்திரங்கள் இளைத்து மீடிறன் 50இலிருந்து இறங்கும். அப்போது தானியங்கிக் கருவிகள் சில பிரதேசங்களை வெட்டிவிடும். சுமையைக் குறைத்து மிச்சத்தைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாடும் பிடிக்க முடியாமல் போனால் நாடு முழுவதும் இருட்டு. 2023 டிசம்பர் 9ஆம் திகதி அப்படித்தான் நடந்தது. நம் மாவட்டத்துக் கொத்மலையிலிருந்து பியகமவுக்குப் போகும் பிரதான மின்வழி பழுதானது. ஒரு வழி விழுந்தது, நாடே விழுந்தது.

இதே கதை உங்கள் மேசைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் சிறிய அளவில் நடக்கிறது. லயத்தில் ஒரே வயரில் நாலு வீடு தொங்கும்போது, ஒரு வீட்டில் கேத்தல் போட்டால் அடுத்த வீட்டு பல்ப் மங்கும், பார்த்திருப்பீர்கள். கணினியின் புரொசசர் சும்மா இருந்துவிட்டுத் திடீரென முழு வேலைக்குப் பாயும்போது, அதற்குள் வரும் வோல்டேஜ் ஒரு கணம் அப்படித்தான் மங்குகிறது. வோல்டேஜ் இறங்கினால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகும். அடுத்த துடிப்புக்குள் வர வேண்டிய விடை வந்து சேராது. ஒரேயோர் எண் பிழைத்தால் போதும், கணினி விழுந்துவிடும்.

*அணைக்காதே என்றார் ஒருவர்*

இரண்டாம் உலகப் போர்க் காலம். பிரித்தானியாவின் பிளெட்ச்லி பார்க்கில் ஜேர்மனியின் இரகசியச் செய்திகளை உடைக்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. தபால் திணைக்களத்தில் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்துக்கொண்டிருந்த டொமி பிளவர்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வால்வுகளைக் கொண்டு ஒன்றைக் கட்டலாம் என்றார். பழைய ரேடியோவில் மஞ்சளாக ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள் உண்டல்லவா, அவைதான் வால்வுகள். மேலிடத்தில் பலர் நம்பவில்லை. ஒரு ரேடியோவில் உள்ள ஐந்து வால்வே அடிக்கடி போகிறது, ஆயிரம் வால்வு எப்படி நிற்கும் என்பது அவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பிளவர்ஸ் தன் தொழிலில் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். வால்வுகள் பெரும்பாலும் ஓடும்போது சாவதில்லை. அணைத்துப் போடும்போதுதான், சூடாகிக் குளிரும் அதிர்ச்சியில்தான் சாகின்றன. எப்போதும் எரிய விட்டால் நீண்ட காலம் நிற்கும். கொலோசஸ் என்ற அந்த இயந்திரம் 1944 தொடக்கத்தில் வேலைக்கு வந்தது, நின்றும் காட்டியது. போர் முடிந்த பின்னும் பல ஆண்டுகள் இந்த வேலை இரகசியமாகவே வைக்கப்பட்டதால், பிளவர்ஸின் பெயர் உலகுக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஜே. பிரெஸ்பர் எக்கர்ட், ஜோன் மோச்லி என்ற இருவர் எனியாக் என்ற கணினியைக் கட்டினார்கள். 1946 பெப்ரவரியில் அது உலகுக்குக் காட்டப்பட்டது. ஏறத்தாழ 18,000 வால்வுகள், 30 தொன் எடை. இவ்வளவு வால்வுகள் ஒன்றாக வேலை செய்தால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒன்று போகும் என்று பயந்தார்கள்.

எக்கர்ட் செய்த வேலை இன்றைக்கும் பாடம். வால்வைத் தயாரித்தவர்கள் "இவ்வளவு தாங்கும்" என்று எழுதிக் கொடுத்த அளவுக்கு மிகவும் கீழேதான் அதை இயக்க வேண்டும் என்று கடுமையான விதி வைத்தார். தாங்கும் அளவுக்கும் இயக்கும் அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி விட்டார். பலன் என்ன? போகப்போக ஏறத்தாழ இரண்டு நாளைக்கு ஒரு வால்வுதான் போனது. போனதைச் சில நிமிடங்களில் கண்டுபிடித்து மாற்றவும் பழகிக்கொண்டார்கள். 1954இல் 116 மணித்தியாலம் ஒரு பழுதும் இல்லாமல் தொடர்ந்து ஓடியது.

புதிய வகை வால்வு ஒன்றும் அவர் கண்டுபிடிக்கவில்லை. இருந்த வால்வையே குறைத்து ஓட்டினார், அவ்வளவுதான். சக்திக்கு மீறிச் சுமை ஏற்றக் கூடாது என்பது எங்கள் மார்க்கமும் சொல்லித் தந்த பாடம். இயந்திரத்துக்கும் அது பொருந்துகிறது.

*வேண்டுமென்றே விழ வைத்தவர்கள்*

அடுத்த பாடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலிருந்து வருகிறது. ஜே பொரெஸ்டர் தலைமையில் அங்கே வேர்ல்விண்ட் என்ற கணினி உருவாகி 1951இல் இயங்கத் தொடங்கியது. அது பிறகு விமானப் பாதுகாப்பு வேலைக்கு வழிகாட்டியாக இருந்ததால், நடுவேலையில் விழவே கூடாது.

அந்தக் குழு ஒரு விசித்திரமான பழக்கத்தைக் கொண்டு வந்தது. பரிசோதனைக்கென்று ஒதுக்கிய நேரத்தில், கணினிக்குப் பயிற்சிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜையும் வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். நல்ல வால்வு அந்த மாற்றத்தைத் தாங்கும். கிழடாகிக்கொண்டிருக்கும் வால்வு சிறு மாற்றத்திலேயே பிழை விடும். பிழை விட்டதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுவார்கள். நாளை வேலை நேரத்தில் விழப் போகும் பகுதியை இன்றே, தங்கள் கட்டுப்பாட்டில் விழ வைத்துப் பிடித்தார்கள். விளிம்புச் சோதனை என்று இதைச் சொல்லலாம்.

இந்த முறை பிறகு அமெரிக்க வான் பாதுகாப்புக்கான சேஜ் கணினிகளுக்கும் போனது. அவற்றில் ஒன்றுக்கு ஏறத்தாழ 49,000 வால்வுகள். எனியாக்கைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். ஆனாலும் அவை அவற்றின் காலத்தில் மிக நம்பகமான இயந்திரங்களாகப் பெயர் எடுத்தன.

இன்று ஒரு கணினி சுமையில் விழுந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பார்ப்பதும், வோல்டேஜை மாற்றிப் பார்ப்பதும், மெமரியை மெதுவாக்கிப் பார்ப்பதும் அந்த விளிம்புச் சோதனையின் பேரப்பிள்ளைகளே.

*இடைவெளியை விற்ற காலம்*

வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. 1974இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ரொபர்ட் டெனார்டும் அவரது சகாக்களும் ஒரு முக்கியமான விதியை எழுதினார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்கேற்ப வோல்டேஜையும் குறைத்தால், அதே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்களைக் கூடுதல் வேகத்தில், சூடு கூடாமலே ஓட்டலாம். அடுத்த முப்பது வருடம் கணினிகள் ஒவ்வோர் ஆண்டும் வேகமானது இந்த விதியின் தயவில்தான்.

இதில் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புரொசசரின் சூடு அதன் வேகத்தோடு நேராகக் கூடும். வோல்டேஜோடு வர்க்கமாகக் கூடும். அதாவது வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் சூடு 10 சதவீதம் கூடும். வோல்டேஜை 10 சதவீதம் கூட்டினால் சூடு 21 சதவீதம் கூடும். தரம் 10 பிள்ளைகள் 1.1ஐ 1.1ஆல் பெருக்கிப் பாருங்கள்.

தொண்ணூறுகளில் தயாரிப்பாளர்களுக்கு இடையே வேகப் போட்டி மூண்டது. 2000 மார்ச்சில் ஏ.எம்.டி., இன்டெல் இரண்டும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹேர்ட்ஸ் கோட்டைத் தாண்டின. எக்கர்ட் கவனமாக விட்டு வைத்த அந்த இடைவெளி இப்போது கடைச் சரக்காகிவிட்டது. எவ்வளவு விளிம்புக்குப் பக்கத்தில் ஓட்டுகிறோமோ அவ்வளவு விலை.

2000 ஜூலை 31ஆம் திகதி இன்டெல் 1.13 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 3ஐ வெளியிட்டது. தோமஸ் பாப்ஸ்ட் என்ற விமர்சகரும் வேறு சிலரும் அதைச் சோதித்தார்கள். சாதாரண வேலைகளில் அது நன்றாகவே ஓடியது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைத் தொகுக்கும் கனமான வேலையைக் கொடுத்தபோது விழுந்தது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி விழுந்தது. "சும்மா நிக்கிறப்ப ஒரு பிரச்சினையும் இல்ல சேர்" என்று நம் தம்பிமார் சொல்வது அப்படியே அங்கேயும் நடந்தது. முதலில் தயங்கிய இன்டெல், தானும் சோதித்துவிட்டு, ஓகஸ்ட் 28ஆம் திகதி அந்தப் புரொசசரைத் திரும்பப் பெற்றது. ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

பாவித்தவர்களின் கைப்பிழை என்று சொல்லி அதை முடித்துவிட்டிருக்கலாம். சிலர் விடாமல், எந்த வேலையில் விழுகிறது என்று திரும்பத் திரும்பச் சோதித்துக் குறித்ததால்தான் உண்மை வெளியே வந்தது.

*முழந்தாளிட்ட தலைவர்*

சில ஆண்டுகளில் டெனார்டின் விதியும் களைத்தது. டிரான்சிஸ்டர் மிகச் சிறிதானபோது, அணைத்து வைத்திருந்தாலும் அதில் மின்சாரம் கசியத் தொடங்கியது. வோல்டேஜை இனிக் குறைக்க முடியாது. குறைக்காமல் வேகம் கூட்டினால் சூடு தாங்காது. 2004 மே மாதம் இன்டெல் தன் அடுத்த அதிவேகப் புரொசசர் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐயும் கைவிட்டது. அதற்காக அந்த நிறுவனத்தின் தலைமை நிர்வாகி கிரெய்க் பரெட், ஒரு கூட்ட மேடையில் பாதி வேடிக்கையாக முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார்.

2005இல் ஒரே சில்லில் இரண்டு மூளை வைத்த புரொசசர்கள் வீட்டுக் கணினிகளுக்கு வந்தன. ஒருவரை ஓடவிட்டு முதுகை ஒடிப்பதற்குப் பதிலாக இருவரை நடக்கவிடும் வழி அது. இன்று உங்கள் கணினியில் நாலு மூளை, எட்டு மூளை என்று விளம்பரம் வருவது அன்று சூட்டிடம் தோற்றதன் விளைவு.

அதே காலத்தில் இன்னொரு தொல்லையும் வந்தது. தாய்ப்பலகையில் வோல்டேஜை நிதானப்படுத்தும் கொள்ளளவிகளில் பல, தவறான இரசாயனக் கலவையால் சில ஆண்டுகளிலேயே வீங்கி வெடித்தன. வெளியே பார்த்தால் புரொசசர் பழுது போலத் தெரியும். உள்ளே, சுமை கூடும் கணத்தில் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய சின்ன உருளை ஒன்று உயிரை விட்டிருக்கும். பழைய கணினியைத் திறந்தால் அந்த உருளைகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேடாகி இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

*கையில் இருக்கும் கணினி*

தொலைபேசியும் கணினிதான். 2016இல் சில ஐபோன்கள் பற்றரியில் இன்னும் மின்சாரம் இருக்கும்போதே திடீரென அணைந்தன. பற்றரி கிழடானால் அதன் உட்தடை கூடும். கமராவோ கேமோ திடீரென நிறைய மின்சாரம் கேட்கும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, தொலைபேசி விழும். லயத்து பல்ப் மங்கிய அதே கதை.

2017 ஜனவரியில் அப்பிள் மென்பொருள் மாற்றம் ஒன்றை அனுப்பியது. கிழட்டுப் பற்றரி உள்ள தொலைபேசிகளில் உச்சச் சுமை வரும்போது புரொசசர் மெதுவாகும். மின்சார சபை சில ஊர்களை வெட்டி மிச்சத்தைக் காப்பாற்றும் அதே வித்தை. பொறியியல் ரீதியாக அது சரியான மருந்து. பிழை எங்கே என்றால், பாவிப்பவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் விடயம் வெளியே வந்தது. அப்பிள் மன்னிப்புக் கேட்டது, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020இல் அமெரிக்காவில் 500 மில்லியன் டொலர் வரை கொடுத்து வழக்கைத் தீர்க்கவும் சம்மதித்தது. போன் மெதுவாகிவிட்டது என்று புதிய போன் வாங்கிய எத்தனையோ பேருக்கு ஒரு புதிய பற்றரியே போதுமாக இருந்திருக்கும்.

*வோல்டேஜ் கூடினாலும் ஆபத்து*

இதுவரை வோல்டேஜ் குறைந்து விழுந்த கதை. கூடினால் என்ன நடக்கும்?

2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் சில புதிய புரொசசர்கள் தாய்ப்பலகையோடு சேர்ந்து கருகின. சில தாய்ப்பலகைகள் ஒரு பகுதிக்கு அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜைக் கொடுத்திருந்தன. அதை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாமல் கட்டி வைத்தார்கள்.

அடுத்தது இன்டெல். அதன் 13ஆம், 14ஆம் தலைமுறையின் சக்திவாய்ந்த புரொசசர்கள் கனமான கேம்களில் விழத் தொடங்கின. வீடியோ கார்ட்டில் மெமரி போதவில்லை என்று திரையில் பொய்க் காரணம் வந்ததால், பலர் நல்ல வீடியோ கார்ட்டைச் சந்தேகித்தார்கள். 2024 ஜூலையில் இன்டெல் காரணத்தைச் சொன்னது. புரொசசருக்குள் இருக்கும் நுண்கட்டளைகளில் இருந்த ஒரு பிழையால், அது தனக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டதைத் தாய்ப்பலகை கொடுத்தது. மாதக்கணக்கில் அப்படி ஓடிய சில்லுகள் உள்ளே தேய்ந்துவிட்டன. ஓகஸ்டில் வந்த திருத்தம் 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி கட்டியது. உத்தரவாதக் காலம் இரண்டு ஆண்டுகள் நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த சில்லுகளை எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியவில்லை.

எனியாக்கிலிருந்து எண்பது வருடம் வந்துவிட்டோம். எக்கர்ட் அன்று விட்ட இடைவெளியின் அருமை இன்றும் அப்படியே இருக்கிறது. அதை மறந்த ஒவ்வொரு தடவையும் இயந்திரங்கள் விழுந்தன, ஒவ்வொரு தடவையும் குற்றம் முதலில் பாவித்தவர் தலையில்தான் ஏறியது.

*இனி நம் ஊருக்கு*

"இந்தக் குளிரில் சூடாகுமா?" என்ற கேள்விக்கு வருவோம். வெளியே 12 பாகை இருந்தாலும், புரொசசரின் நகமளவு பரப்பில் நூறு வோட்ஸுக்குக் கிட்ட சூடு பிறக்கலாம். அதைக் காற்றுத்தான் எடுத்துப் போக வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தது, மெலிந்த காற்று குறைந்த சூட்டைத்தான் சுமக்கும். குளிர் கொடுக்கும் நன்மையில் ஒரு பகுதியை உயரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை நாம் எடுத்துவிடுகிறோம். குளிருக்குப் பயந்து ஜன்னலைப் பூட்டி, பெட்டியை மேசை அறைக்குள் சுவரோடு ஒட்டித் தள்ளி, அதன் மேல் பின்னல் விரிப்பும் போட்டு வைத்தால் பாவம் அது எப்படி மூச்சு விடும்?

உங்கள் கணினி சுமையில் விழுந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. எந்த வேலையில், எத்தனை நிமிடத்தில் விழுந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பத்து நிமிடம் ஓடி விழுந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். வேலை தொடங்கிய கணத்திலேயே அணைந்தால் மின்வழங்கிப் பெட்டியை, அதாவது பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நீலத் திரை வந்தால் மெமரியைச் சந்தேகியுங்கள்.

2. விரிப்பை எடுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், விசிறியில் உள்ள தூசியைத் துடையுங்கள். பல ஆண்டு பழைய பெட்டியானால், புரொசசருக்கும் அதன் மேலுள்ள உலோகத் தகட்டுக்கும் இடையே பூசும் பசை காய்ந்திருக்கும். புதிதாகப் பூசுங்கள்.

3. சூட்டைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல புரொசசர்களின் எல்லை 100 பாகைக்குக் கிட்ட. அங்கே போய் விழுந்தால் சந்தேகமே இல்லை.

4. பயோஸுக்குள் போய் எல்லாவற்றையும் தயாரிப்பாளர் வைத்த ஆரம்ப நிலைக்குக் கொண்டு வாருங்கள். மெமரி வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால் குறையுங்கள். பயோஸ் புதுப்பிப்பு வந்திருந்தால், கரண்ட் போகாத நேரம் பார்த்து, யூ.பி.எஸ். இருந்தால் அதோடு, போடுங்கள்.

5. விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் புரொசசரின் உச்ச நிலை 100 சதவீதம் என்றிருக்கும். அதை 99 ஆக்கினால் பல கணினிகளில் அது தன் சாதாரண வேகத்துக்கு மேல் பாயாமல் நிற்கும். வீடியோ முடிய சில நிமிடம் கூடும், ஆனால் விழாமல் முடியும். இப்படிக் குறைத்த பிறகு விழுவது நின்றால், உங்கள் வீட்டிலேயே விளிம்புச் சோதனை செய்து காரணத்தை நெருங்கிவிட்டீர்கள்.

6. வோல்டேஜைக் கூட்டி நிமிர்த்தப் பார்க்காதீர்கள். இன்டெல் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். வயரைக் கழற்றிய பின்னும் அதற்குள் உயிராபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் விழுந்தால் கடைக்குக் கொண்டு போங்கள். அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். என்ன செய்தோம், எப்போது விழுந்தது என்று எழுதி வைத்தவரிடம் "போர்ட் போயிருச்சு" என்று லேசில் சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கணினி விழுந்தவுடன் "என்ன செஞ்ச?" என்று பிள்ளையிடம் அதட்டிக் கேட்டால், பிள்ளை "ஒண்ணும் செய்யல" என்றுதான் சொல்லும். அதோடு உண்மை மூடிக்கொள்ளும். "எந்த வேலையில விழுந்துச்சு?" என்று கேளுங்கள். பிள்ளை உட்கார்ந்து யோசித்துச் சொல்லும். பாப்ஸ்ட் அன்று கேட்ட கேள்வியும் அதுதான்.

யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள். சந்தேகங்களைக் கீழே எழுதுங்கள். எழுதும்போது கணினியின் வயது, என்ன வேலை, எத்தனை நிமிடம் என்ற மூன்றையும் மறக்காமல் குறிப்பிடுங்கள். பாடசாலை விட்ட பிறகு ஒவ்வொன்றாகப் பதில் தருவோம், இன்ஷா அல்லாஹ்.